பழைய ராடு, புது லைன்: இங்கிலாந்தில் ஃப்ளை ஃபிஷிங் தொடங்குபவர்களுக்கு

ஊரில் தாமிரபரணிக் கரையில் மண்புழு கோத்து, தக்கை எப்போது முங்கும் என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். பெட்ஃபர்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் கழித்து ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. கடையில் விலை கேட்டேன். ராடு, ரீல், லைன், வேடர் (தண்ணீரில் இறங்கி நிற்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை) எல்லாம் புதிதாக வாங்கினால் 400 பவுண்டைத் தாண்டும் என்றார்கள். சரி, பழையதை வாங்கிக் கற்றுக்கொள்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 35 பவுண்டுக்கு ஒரு செட் வாங்கினேன். அடுத்த மூன்று மாதமும் லைன் ஐந்து மீட்டரைத் தாண்டவில்லை. எனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்து நிறுத்திவிடப் போனேன்.

கை அல்ல காரணம். ராடுக்கும் லைனுக்கும் பொருத்தமே இல்லை. ஏரிக்கரையில் ஒரு பெரியவர் என் லைனை விரலால் தடவிப் பார்த்து அதைச் சொன்னார். தன்னிடம் இருந்த வேறு லைனை மாட்டிக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு மீட்டர் போனது. அந்த மூன்று மாதம் இன்னொருவருக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்கு எடையே கிடையாது. இறகும் நூலும் சுற்றிய ஒரு சின்ன முள், அவ்வளவுதான். அதைத் தூரத்துக்குக் கொண்டுபோவது லைனின் சொந்த எடை. அந்த எடைக்கு ஏற்றபடி வளைகிற ராடு வேண்டும். பழைய சாமான் வாங்குவதில் வருகிற கஷ்டம் பெரும்பாலும் இந்த ஒரு பொருத்தத்தில்தான்.

1. எங்கே பிடிக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ராடு வாங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். படங்களில் பார்க்கிற ஓடும் ஆறு, இடுப்பளவு தண்ணீர், பின்னால் மரங்கள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டெஸ்ட், இட்சன் போன்ற பெயர்பெற்ற ஆறுகளில் ஒரு நாள் கட்டணமே உங்கள் மொத்தப் பட்ஜெட்டை விழுங்கிவிடும். சின்ன ஆறுகளில் பின்னால் கிளை இருக்கும்; வீசத் தெரியாதவருக்கு ஃப்ளை எல்லாம் மரத்துக்குத்தான் போகும்.

தொடங்குவதற்கு நல்லது, ரெயின்போ ட்ரவுட் என்ற மீனை வளர்த்து விடுகிற ஏரி. கேம்பிரிட்ஜ்ஷரில் கிராஃபம் வாட்டர், அதற்கு வடக்கே ரட்லண்ட் வாட்டர், தென்கிழக்கில் பியூல் வாட்டர், சாமர்செட்டில் சூ வேலி, பிளாக்டன் என்று பெரிய நீர்த்தேக்கங்கள் உண்டு. இவை தவிர ஒவ்வொரு மாவட்டத்திலும் சின்னச் சின்ன ட்ரவுட் குளங்கள் இருக்கின்றன. முதல் ஐந்தாறு தடவைக்குச் சின்னக் குளமே போதும். கரை திறந்திருக்கும், மீன் பக்கத்தில் இருக்கும், கேட்டால் சொல்லித்தர ஆள் இருப்பார்.

மாதமும் முக்கியம். ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ட்ரவுட் குளிர்ந்த நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அது ஆழத்துக்குப் போய்விடும், இரை எடுப்பதும் குறையும். அந்த வெயிலில் பிடித்துத் திரும்ப விட்டால் பிழைப்பதும் கஷ்டம். ஜூலை மதியத்தில் முதல் முறை போய்விட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று ராடை விற்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

2. இரண்டு அனுமதி வேண்டும், ஒன்று போதாது

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. நானும் விழுந்தேன்.

முதலாவது, ராட் லைசென்ஸ். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நன்னீரில் ராடு போடுகிற 13 வயது நிரம்பிய எல்லோருக்கும் இது வேண்டும். கவ் டாட் யூகே என்ற அரசுத் தளத்தில் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். ட்ரவுட்டுக்கும் மற்ற நன்னீர் மீன்களுக்கும் சேர்த்து 12 மாத லைசென்ஸ் 40 பவுண்டுக்குள் முடியும். ஒரு நாள், எட்டு நாள் லைசென்ஸும் உண்டு. 13 முதல் 16 வயது வரை இலவசம், ஆனால் எடுத்திருக்க வேண்டும். 65 வயதுக்கு மேல் சலுகை உண்டு. சால்மனுக்கும் கடலிலிருந்து ஏறிவரும் ட்ரவுட்டுக்கும் தனி லைசென்ஸ், விலையும் அதிகம். அது உங்களுக்கு இப்போது தேவையில்லை, தவறி அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். இது இல்லாமல் பிடித்து மாட்டினால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம்.

தேடுபொறியில் மேலே வருகிற முதல் இணைப்பை அழுத்த வேண்டாம். அரசுத் தளம் மாதிரியே இருக்கும் சில தளங்கள் அதே லைசென்ஸுக்கு மேலே பணம் கேட்கும். முகவரியைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். வந்த மின்னஞ்சலைப் படம்பிடித்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

இரண்டாவது, அந்தத் தண்ணீருக்கு உரியவரின் அனுமதி. லைசென்ஸ் என்பது ராடு போடும் உரிமை மட்டும். எங்கே போடலாம் என்று அது சொல்லாது. ஆற்றங்கரையில் பொதுப்பாதை போகிறது என்பதால் அங்கே மீன் பிடிக்கலாம் என்றாகிவிடாது. நான் லைசென்ஸ் எடுத்த மறுநாளே ஊருக்கு நடுவே ஓடும் ஊஸ் ஆற்றில் போய் நின்றேன். அரை மணி நேரத்தில் ஒரு கிளப் காவலர் வந்து பெர்மிட் கேட்டார். லைசென்ஸைக் காட்டினேன். அது வேறு, இது வேறு என்று நிதானமாக விளக்கி அனுப்பிவைத்தார். கூட என் பையன் வேறு நின்றுகொண்டிருந்தான்.

ஏரிகளில் இந்த அனுமதி நாள் டிக்கெட்டாகக் கிடைக்கும். சின்னக் குளம், பெரிய ஏரி, எத்தனை மீன் என்பதைப் பொறுத்து 20 முதல் 40 பவுண்டு வரை. டிக்கெட் வாங்கும்போது இதை மட்டும் கேட்டுவிடுங்கள்: பிடித்ததைக் கொண்டுபோகும் டிக்கெட்டா, பிடித்து விடும் டிக்கெட்டா? சில இடங்களில் முதல் வகையில் பிடிக்கிற மீனைத் திரும்ப விடவே கூடாது. இரண்டு மீன் என்றால் இரண்டாவது மீனோடு ராடை மடக்க வேண்டியதுதான். இரண்டாவது வகையில் முள்ளில் கொக்கிப் பல் இருக்கக் கூடாது. குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால் போதும்.

தடைக்காலமும் இங்கேதான் வரும். ஆற்றில் பிரவுன் ட்ரவுட்டுக்குக் குளிர்காலத்தில் தடை. தேதி பகுதிக்குப் பகுதி மாறும். ஆறுகளில் மற்ற நன்னீர் மீன்களுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடை. கரையடைத்த ஏரியில் ரெயின்போவுக்கு அப்படித் தடைக்காலம் கிடையாது. ஏரியில் தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா போனால் இந்த லைசென்ஸ் முறையே வேறு. அங்கே ராட் லைசென்ஸ் பொதுவாகக் கேட்பதில்லை, தண்ணீருக்கு உரியவரின் அனுமதி மட்டும் கட்டாயம்.

3. ராடில் எழுதியிருக்கிற எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று நீளம், இன்னொன்று லைன் எண். ஏரிக்கு 9 அடி அல்லது 9 அடி 6 அங்குலம், எண் 6 அல்லது 7. இதைத் தவிர வேறு எதையும் முதல் ராடாக வாங்காதீர்கள். 3, 4 என்றால் சின்ன ஓடைக்கு, ஏரிக்காற்றில் தாங்காது. 9, 10 என்றால் சால்மனுக்கும் கடலுக்கும். 12, 13 அடி நீளமாக, இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி இருந்தால் அது வேறு விளையாட்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

பழைய ராடுகளில் 6/7 என்று எழுதியிருக்கும். இரண்டில் எது என்று குழம்ப வேண்டாம். முன்பக்கம் கனமான லைன் போட்டால் 7, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெலிகிற லைன் போட்டால் 6. நீங்கள் வாங்கப்போவது முதல் வகை, எனவே 7.

எண் அழிந்துபோன ராடை வாங்க வேண்டாம். விற்பவர் ஊகமாக ஒரு எண் சொல்வார். அந்த ஊகத்துக்கு நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

4. பழைய ராடைக் கையில் வாங்கிப் பார்க்கும் முறை

ஈபே, ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், தொண்டுக் கடைகள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கிளப்புகள் நடத்தும் பழைய சாமான் விற்பனை என்று நான்கைந்து இடம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது கடைசி வகை. விற்பவரே அதில் மீன் பிடித்தவர், கேட்டால் உள்ளதைச் சொல்வார். மார்க்கெட்ப்ளேஸில் என்றால் நேரில் பார்த்த பிறகே பணம். கார்பன் ராடு நல்ல நிலையில் 25 முதல் 50 பவுண்டுக்குள் கிடைக்கும். மூங்கில் ராடு அழகாக இருக்கும்; அது சேகரிப்பவர்களுக்கு, உங்களுக்கு வேண்டாம்.

போகும்போது பையில் ஒரு அளவு டேப்பும் கொஞ்சம் பஞ்சும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராடை முழுதாகப் பூட்டி நீளத்தை அளந்து பாருங்கள். 9 அடி 6 என்று எழுதியிருந்து 9 அடி 3 இருந்தால், நுனி ஒடிந்து வேறு வளையம் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நுனி போன ராடு கட்டை மாதிரிதான் வளையும். நான் இரண்டாவதாக வாங்கப்போன ராடு இப்படித்தான் இருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, டேப்பில்தான் தெரிந்தது.

அடுத்து வளையங்கள். பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு ஒரு சுற்று இழுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே பள்ளமோ வெடிப்போ இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பள்ளம் புது லைனை ஒரே மாதத்தில் சீவிவிடும். நுனி வளையத்தைக் கட்டாயம் பாருங்கள், அதிகம் தேய்வது அதுதான்.

மூன்றாவது, துண்டுகள் சேரும் மூட்டு. பூட்டிய பின் லேசாக ஆட்டினால் டக் டக்கென்று சத்தம் வரக் கூடாது. சில பழைய ராடுகளில் ஒரு துண்டுக்குள்ளிருந்து ஒரு முளை நீண்டு அடுத்த துண்டுக்குள் போகும். அந்த வகையில் இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருப்பதுதான் சரி. நானே இடைவெளியைப் பார்த்து ஒரு நல்ல ராடை வேண்டாமென்று வந்திருக்கிறேன். இடைவெளி இல்லாமல் முட்டிக்கொண்டிருந்தால்தான் மூட்டு தேய்ந்துவிட்டது. கொஞ்சம் தளர்வுதான் என்றால் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளிக்கலாம்.

கடைசியாக நகத்தால் ராடு முழுவதும் மெதுவாக வருடிப் பாருங்கள். கார்பனில் சின்ன வெட்டு இருந்தால் நகம் தட்டும். அந்த இடத்தில்தான் ஒருநாள் மீனோடு முறியும். கைப்பிடித் தக்கையில் ஓட்டை, அழுக்கு இருப்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்த்தால் புதிதாகிவிடும். இதைக் காட்டி ஐந்து பவுண்டு குறைத்துக் கேளுங்கள்.

5. ரீலில் அதிகம் செலவழிக்க வேண்டாம்

ஏரி ட்ரவுட்டுக்கு ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் உருளை, அவ்வளவுதான். 10 முதல் 20 பவுண்டு போதும். சுழற்றினால் ஓரம் சட்டத்தில் உரசக் கூடாது, உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கக் கூடாது. அது கடலில் போட்டுக் கழுவாமல் வைத்த ரீல். எந்தக் கையால் சுற்றுவது என்பதையும் பாருங்கள். வலக்கையால் வீசுகிறவர்கள் பெரும்பாலும் இடக்கையால் சுற்றுவார்கள். பல ரீல்களை மாற்றி அமைக்கலாம், சிலவற்றை முடியாது. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

6. புதிதாகவே வாங்க வேண்டியவை

லைன். மறுபடியும் சொல்கிறேன், லைன். பழைய ரீலோடு வருகிற லைனை நம்பாதீர்கள். பல வருடம் சுற்றியே கிடந்தது ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாக எழும்பும். இரண்டு நகத்துக்கு நடுவே மடித்துப் பார்த்தால் மேல்பூச்சில் கீறல் தெரியும். மிதக்க வேண்டிய நுனி முழுகும். எனக்கு வந்தது 5ஆம் எண் லைன், ராடோ 9/10. ராடு வளையவே இல்லை, பிறகு எப்படி வீசும்?

ராடு 7 அல்லது 6/7 என்றால், பெட்டியில் டபிள்யூ.எஃப்.7.எஃப். என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்; ராடில் 6 மட்டும் இருந்தால் நடு எண்ணும் 6. முன்கனம், எண் 7, மிதப்பது என்று பொருள். கடைசி எழுத்து எஸ் என்றாலோ ஐ என்றாலோ முழுகும் வகை, தொடக்கத்துக்கு வேண்டாம். 20 முதல் 30 பவுண்டுக்கு நல்ல லைன் கிடைக்கும். 70 பவுண்டு லைன் இப்போது தேவையில்லை.

கையில் எண் தெரியாத லைன் இருந்து, அது பார்க்க நன்றாகவும் இருந்தால் சமையலறைத் தராசு உதவும். நுனியிலிருந்து 30 அடியை அளந்து, அதைச் சுருட்டித் தராசில் வையுங்கள். ஏறக்குறைய 9 கிராம் என்றால் எண் 5, 10.5 என்றால் 6, 12 என்றால் 7, 13.5 என்றால் 8, 15.5 என்றால் 9. அரை கிராம் காட்டுகிற டிஜிட்டல் தராசாக இருக்க வேண்டும். இந்த ஒரு வித்தை எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

லைன் நுனியில் கட்டுகிற லீடர், அதன் முனையில் சேர்க்கிற டிப்பெட் இரண்டும் புதிதுதான். தங்கூசி பழசானால் வெயிலில் நைந்துவிடும், பார்வைக்குத் தெரியாது. 9 அடி லீடர் ஒன்று, 6 பவுண்டு எடை தாங்கும் டிப்பெட் ஒரு சுருள், இரண்டும் சேர்ந்து விலை 10 பவுண்டு.

கண்ணாடி கட்டாயம். முள் உங்கள் காதை ஒட்டி வேகமாகப் பறக்கப் போகிறது. போலரைஸ்டு கண்ணாடி 15 பவுண்டுக்குக் கிடைக்கும், தண்ணீருக்குள்ளும் பார்க்கலாம். ஒரு தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்களுக்கும் கண்ணாடி, அவர்கள் நிற்கும் இடம் உங்களுக்குப் பின்னால் இருக்கவே கூடாது.

கணக்குப் போட்டால்: ராடு 30, ரீல் 15, லைன் 25, லீடரும் டிப்பெட்டும் 10, ஃப்ளை 10, கண்ணாடி 15, மாட்டிய மீனை அள்ளுவதற்குப் பழைய கைவலை 10. ஆக 115. அதோடு லைசென்ஸ் 40, முதல் டிக்கெட் 30, ஒரு மணி நேரப் பாடம் 40 என்று வைத்தால் 225 பவுண்டு. இதில் பாடத்தை வெட்ட வேண்டாம். வேண்டுமானால் ரீலில் வெட்டுங்கள்.

7. பழைய வேடர், வலை வாங்கினால் முதலில் கழுவுங்கள்

குளத்தங்கரையில் பிடிக்க வேடர் தேவையே இல்லை, ரப்பர் பூட்ஸ் போதும். ஆனாலும் மலிவாகக் கிடைத்தால் வாங்கத் தோன்றும். இருட்டு அறையில் உள்ளே டார்ச்சை விட்டுப் பாருங்கள். ரப்பர் வேடரில் ஓட்டை இருந்தால் வெளிச்சப் புள்ளி தெரியும்.

ஓட்டையைவிடப் பெரிய விஷயம், அதில் ஒட்டிக்கொண்டு வருவது. 2010இல் கிராஃபம் வாட்டரில்தான் கில்லர் ஷ்ரிம்ப் என்ற வெளிநாட்டு இறால் இனம் இந்த நாட்டில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளூர்ப் பூச்சிகளையும் மீன்குஞ்சுகளையும் தின்று தீர்க்கும். அது ஒரு தண்ணீரிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஈரமான வலையிலும் வேடரிலும் படகிலும்தான். பழைய வலையை யார் எங்கே கடைசியாக முக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. சுடுநீரில், 45 டிகிரியில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, மடிப்பெல்லாம் காயும்வரை வெயிலில் போடுங்கள். அதன் பிறகே தண்ணீருக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தடவை ஏரி மாறும்போதும் இதையே செய்யுங்கள்.

8. மூன்று முடிச்சு போதும்

ரீலிலிருந்து முதலில் ஒரு 50 மீட்டர் பேக்கிங் நூல், அதன்பிறகு லைன், அதற்கப்புறம் லீடர், டிப்பெட், ஃப்ளை. பேக்கிங்கையும் லைனையும் கடையிலேயே கட்டிச் சுற்றித் தரச் சொல்லுங்கள். லைன் அங்கே வாங்கினால் பல கடைகளில் இலவசமாகவே செய்து தருவார்கள். புது லைனில் நுனி வளையம் பெரும்பாலும் இருக்கும், லீடரிலும் வளையம் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் தீர்ந்தது.

நீங்கள் கற்க வேண்டியவை: லீடரையும் டிப்பெட்டையும் சேர்க்கும் சர்ஜன் முடிச்சு, ஃப்ளையைக் கட்டும் க்ளின்ச் முடிச்சு, முனையில் வளையம் போடும் முடிச்சு. வீட்டில் தடித்த கயிற்றில் போட்டுப் பழகிவிட்டு, பிறகு நரம்பில் போடுங்கள். இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும். உலர்ந்து இறுக்கினால் சூட்டில் நரம்பு பலம் போய்விடும். என் முதல் மீன் அப்படித்தான் போனது. திரும்பி வந்த முனை பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. சுருண்டு வந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது, நேராக வந்தால் நரம்பு அறுந்திருக்கிறது. பார்த்துப் பழகுங்கள்.

9. இரண்டு வாரம் புல்தரையில்

டிக்கெட் வாங்கி ஏரிக்குப் போய் வீசக் கற்றுக்கொள்வது பணத்துக்குக் கேடு. பூங்காப் புல்தரையே போதும். சிமெண்ட் தரையில் போடாதீர்கள், லைன் தேய்ந்துவிடும். முள்ளுக்குப் பதில் பளிச்சென்ற கம்பளி நூல் துண்டைக் கட்டுங்கள். தலைக்கு மேலே மின்கம்பி இருந்தால் அங்கே ராடைத் திறக்கவே கூடாது. கார்பன் மின்சாரம் கடத்தும். 30 மீட்டராவது தள்ளிப் போங்கள். ஏரிக்கரையிலும் இதே விதிதான்.

ராடு நுனியைத் தரையில் வைத்துத் தொடங்குங்கள். மெதுவாகத் தூக்கி, வேகம் கூட்டி, ராடு தோளுக்கு நேர் மேலே வந்ததும் சட்டென்று நிறுத்துங்கள். இப்போது ஒன்றும் செய்யாதீர்கள். லைன் பின்னால் முழுவதும் விரிய ஒரு விநாடி ஆகும். திரும்பிப் பாருங்கள், பார்ப்பதில் தவறில்லை. விரிந்து நேரானதும் முன்னால் தள்ளி, கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மறுபடி நிறுத்துங்கள். சாட்டை மாதிரி பட்டென்று சத்தம் வந்தால் காத்திருக்காமல் முன்னால் வந்துவிட்டீர்கள். ஏரியில் அந்தச் சத்தத்துக்கு ஒரு ஃப்ளை போகும்.

எல்லோரும் செய்கிற தவறு, மணிக்கட்டை உடைத்து ராடைப் பின்னால் தரைவரை சாய்ப்பது. ராடின் அடிக்கட்டையை முழுக்கைச் சட்டையின் கைக்குள் செருகிக்கொண்டு பழகினால் மணிக்கட்டு தானாக அடங்கும். தினமும் பதினைந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் போட்டால் தோள் வலித்து, தவறான பழக்கம் ஊறிவிடும்.

ஒரு பாடம் எடுங்கள் என்று மேலே சொன்னேன். கேம் ஆங்க்லிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பில் தேர்ச்சி பெற்ற பயிற்சியாளர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். ஆங்க்லிங் டிரஸ்ட் தொடக்கநிலை நிகழ்ச்சிகள் நடத்துகிறது. உங்கள் பழைய ராடையே எடுத்துப் போங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அதற்கும் லைனுக்கும் பொருத்தம் சரியா என்று அவர் சொல்லிவிடுவார்.

10. ஃப்ளை

நூறு வகை கொண்ட பெட்டி வேண்டாம். கறுப்பு பஸ்ஸர், டயாவல் பாக், ஃபெசன்ட் டெயில், பச்சை டாம்செல், ஒவ்வொன்றிலும் மூன்று. முள் எண் 10 அல்லது 12. எண் கூடக்கூட முள் சின்னதாகும். செப்டம்பரில் நீளக்கால் டாடி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியோடு வரும் துருப்பிடித்த ஃப்ளைகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், முள் முறியும்.

11. முதல் நாள் ஏரியில்

காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கத்திலிருந்து காற்று வந்தால் ஃப்ளை உடம்பைவிட்டு விலகிப் பறக்கும். வலப்பக்கத்திலிருந்து வந்தால் முகத்துக்கு நேரே வரும். இடத்தை மாற்றுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

தூரமாக வீச முயல வேண்டாம். பத்து மீட்டருக்குள்ளேயே மீன் இருக்கும். காலையில் யாரும் நடக்காத கரையோரம் அது மேய்ந்துகொண்டிருக்கும், எனவே தண்ணீருக்குள் இறங்காமல் பின்னால் நின்றே முதல் வீச்சைப் போடுங்கள். ஃப்ளை விழுந்த பின் ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்தி, இடக்கையால் லைனை மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். பஸ்ஸர் என்றால் இழுக்கவே வேண்டாம், காற்று நகர்த்தட்டும். லைன் நேராவதைப் பார்த்தாலோ கையில் ஒரு கனம் தெரிந்தாலோ ராடைத் தூக்குங்கள். தக்கை முங்குவதற்குக் காத்திருந்து பழகிய நமக்கு இதுதான் கஷ்டம். இங்கே கண் இருக்க வேண்டியது லைன் தண்ணீரைத் தொடும் இடத்தில்.

பத்து வீச்சுக்கு ஒருமுறை டிப்பெட்டை விரலால் தடவிப் பாருங்கள். காற்றில் விழும் சின்ன முடிச்சு இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், அங்கேதான் அறும்.

மீனை விடுவதென்றால் கையை முதலில் நனையுங்கள், வலையில் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். கொண்டுபோவதென்றால் ப்ரீஸ்ட் என்ற குறுந்தடியால் தலையில் ஓங்கி ஒரே அடி. துடிக்க விடக் கூடாது. உடனே குடலெடுத்து ஐஸ் பெட்டியில் போடுங்கள். கோடைக் கடைசியில் பிடித்த ஏரி ட்ரவுட்டில் கொஞ்சம் சேற்று வாடை இருக்கும். மஞ்சளும் புளியும் தடவி ஊறவைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் தெரியாது. வசந்தத்தில் பிடித்ததற்கு உப்பும் மஞ்சளும் போதும்.

கிளம்பும் முன் ஏரிக்கரைக் குடிசையில் இருக்கும் கணக்குப் படிவத்தை நிரப்ப மறந்துவிடாதீர்கள். எத்தனை மீன், எந்த ஃப்ளை என்று கேட்டிருக்கும். கிடைக்காவிட்டால் 0 என்று எழுதிப் போட வேண்டும். வெறுமனே போய்விடக் கூடாது. அங்கே நின்று மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள். அன்றைக்கு எந்த ஃப்ளை எடுபட்டது என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், ராடைத் துடைத்து, உறைக்குள் வைக்காமல் ஓர் இரவு வெளியே சாய்த்து வையுங்கள்; ஈரத்தோடு குழாய்க்குள் போட்டால் தக்கைப் பிடியில் பூஞ்சை பூத்துவிடும்.